மூட்டுகளையும் முதுகெலும்பையும் ஆராயும் இன்ஜினியர் ஆக: டர்பனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

டர்பனில் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்து, "மகள் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போகிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாமா "ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேரா?" என்று கேட்பார். பக்கத்தில் இருக்கும் அத்தை "ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்தானே, எங்க நாத்தனார் மகளும் அதுதான் பார்க்கிறா" என்பார். இரண்டும் நல்ல வேலைதான், ஆனால் நான் சொல்லப்போவது மூன்றாவது ஒன்று. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் மெஷின், வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின் எல்லாவற்றையும் ஓடவைப்பது கிளினிக்கல் இன்ஜினியரிங். ரத்தமும் திசு மாதிரியும் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பவர் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட், அவருக்குத் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு வேண்டும். மூன்றாமவர், மூட்டிலும் முதுகெலும்பிலும் உள்ள திசு எவ்வளவு சுமை தாங்குகிறது, எப்படித் தேய்கிறது, தேய்ந்த இடத்தில் எதை வைத்தால் நிற்கும் என்று அளந்து பார்க்கிற ஆராய்ச்சி இன்ஜினியர். படிப்பில் சேரும் முன்பே இந்த மூன்றில் எது வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள், பாதி வழியில் மாறுவது செலவு.

எனக்கு இதில் ஒரே ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. பட்டத்தின் பெயரில் "பயோமெடிக்கல்" இருக்கிறதா என்பது பெரிய விஷயமே இல்லை. ஒரு துண்டு திசுவைக் கெடாமல் வெட்டி எடுத்து, மெஷினில் நேராகப் பொருத்தி, வந்த வரைபடக் கோட்டைப் பார்த்து இது திசு சொன்னதா மெஷின் சொன்னதா என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் இடம். கீழே சொல்வதெல்லாம் அந்த இடத்துக்குப் போகிற வழிதான்.

முதலில், எதை ஆராயப் போகிறீர்கள்

நம் வீடுகளில் "மூட்டுத் தேய்மானம்", "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு", "டிஸ்க் விலகிடுச்சு" என்று சொல்கிறோமே, அந்த மூன்றும் மூன்று வேறு திசுக்கள். மூட்டில் எலும்பு முனையை மூடியிருப்பது வழவழப்பான குருத்தெலும்பு. மனித முழங்காலில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான், எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். மீதி, இரண்டாம் வகை கொலாஜன் இழைகளும், மின்னேற்றத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கன்களும், அங்கங்கே கொஞ்சம் செல்களும். ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை. அதனால்தான் அது கெட ஆரம்பிக்கும்போது வலிப்பதில்லை, கெட்டபின் தானாக ஆறுவதும் இல்லை. முழங்காலுக்குள் பிறை வடிவில் இருக்கிற மெனிஸ்கஸ், அதாவது நாம் ஜவ்வு என்கிறது, நார்க்குருத்தெலும்பு. அதில் முதல் வகைக் கொலாஜன் அதிகம், இழைகள் வட்டமாக ஓடுகின்றன. மேலே எடை விழும்போது அது வெளியே பிதுங்கப் பார்க்கும், அந்த இழைகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன.

டிஸ்க் இன்னும் சுவாரசியம். முதுகெலும்பில் மொத்தம் 23. நடுவில் ஜெல்லி மாதிரி நியூக்ளியஸ், அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்கு நார் வளையம், ஒவ்வொரு அடுக்கிலும் இழைகள் கிடைமட்டத்துக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில், அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும். உடம்பிலேயே ரத்தக்குழாய் இல்லாத மிகப்பெரிய உறுப்பு இதுதான், சாப்பாடெல்லாம் மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடு வழியாகக் கசிந்துதான் வரவேண்டும். ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழு 1999-இல் ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்குக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்தது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5, முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது 2.3. கார் டயரில் அடிக்கிற காற்றைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. துறைமுகத்திலும் கிடங்கிலும் வேலை பார்த்து ரிடையரான நம் பெரியப்பாக்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதை இந்த எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.

இதில் இன்ஜினியருக்கு என்ன வேலை என்று கேட்டால்: இந்தத் திசுக்கள் இரும்பு மாதிரி நடந்துகொள்வதில்லை. அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாகக் கசிகிறது, கசிய நேரம் ஆகிறது, ஆகவே வேகமாக அழுத்தினால் ஒரு விறைப்பு, மெதுவாக அழுத்தினால் வேறொரு விறைப்பு. வேன் மௌ என்பவரும் அவருடைய சகாக்களும் 1980-இல் குருத்தெலும்பைத் திண்மமும் திரவமும் கலந்த ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டார்கள், இன்றுவரை எல்லாரும் அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறோம். இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் தெரிந்தால் போதாது, கணக்கும் இயக்கவியலும் வேண்டும்.

பள்ளியில்

சுருக்கமாகச் சொல்கிறேன். கிரேடு 10-இல் பாடம் எடுக்கும்போது மேத்தமேட்டிக்ஸ் எடுக்க வேண்டும், அதற்குப் பதிலாக எளிய பாடமான மேத்ஸ் லிட்ரசி எடுத்தால் இன்ஜினியரிங் கதவு அன்றே மூடிக்கொள்ளும். ஃபிசிக்கல் சயின்ஸஸ் கட்டாயம். லைஃப் சயின்ஸஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் பரவாயில்லை, உடற்கூறியலைப் பிறகு படித்துக்கொள்ளலாம், கால்குலஸைப் பிறகு பிடிப்பது கஷ்டம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் மத்திய விண்ணப்ப அலுவலகமான சிஏஓ வழியாகப் போகும். கேப் டவுன், ஜோஹன்னஸ்பர்கின் விட்ஸ், ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகங்களுக்கு எல்லாம் தனித்தனியாக நேரடியாக, கடைசித் தேதியும் வேறுவேறு. ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்.ஸுக்கும் கூடவே போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசாங்கம் அதற்காகத்தான் வைத்திருக்கிறது.

எந்தப் பட்டம்

இங்கேதான் பெற்றோர்கள் அதிகம் குழம்புகிறார்கள். விட்ஸில் இளநிலையிலேயே பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இருக்கிறது, ஆனால் அது மூன்று ஆண்டுப் பட்டம், புரொஃபெஷனல் இன்ஜினியராகப் பதிவு செய்ய அதற்கு மேல் எலெக்ட்ரிக்கல் பக்கம் தொடர்ந்து படிக்க வேண்டியிருக்கும். சிக்னல், இமேஜிங், எலெக்ட்ரானிக்ஸில் ஆசை உள்ளவர்களுக்கு நல்ல வழி. மூட்டும் முதுகும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு நான் சொல்வது, நான்கு ஆண்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நம்மூர் ஹோவர்ட் காலேஜ் வளாகத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து போய் வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம், தென்னாப்பிரிக்க இன்ஜினியரிங் கவுன்சிலான ஈ.சி.எஸ்.ஏ. அங்கீகரித்த பட்டம், ஒருவேளை நடுவில் மனம் மாறினாலும் சர்க்கரை ஆலையிலிருந்து கார் ஃபேக்டரி வரை வேலை கிடைக்கும். சுமை, தகைவு (சுமையால் பொருளுக்குள் எழும் அழுத்தம்), சோர்வு (திரும்பத் திரும்பச் சுமை ஏறிப் பொருள் தளர்வது), திரவ இயக்கம் என்று அங்கே கற்றதுதான் பிறகு குருத்தெலும்பில் அப்படியே வரும்.

உயிர்த்திசு பக்கம் திரும்புவது முதுநிலையில். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பிரிவு மருத்துவப் புலத்துக்குள் இருக்கிறது, அப்சர்வேட்டரியில், க்ரூட்டே ஸ்கியூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே. 1967-இல் முதல் மனித இதய மாற்று நடந்தது இந்த ஆஸ்பத்திரியில்தான். சி.டி. ஸ்கேனின் கணக்கை எழுதி 1979-இல் நோபல் வாங்கிய ஆலன் கார்மக்கும் கேப் டவுனில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இதே ஆஸ்பத்திரியில் பகுதிநேரமாக வேலை பார்த்தவர். ஸ்டெல்லன்போஷில் மெக்கானிக்கல் துறைக்குள்ளேயே பயோமெடிக்கல் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது, வடிவமைப்பு, ரோபோட்டிக்ஸ் வாசனை அங்கே கூடுதல். ப்ளூம்ஃபொன்டைனில் மத்தியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விரைவு உருவாக்க மையம் டைட்டானியத்தில் நோயாளிக்கு ஏற்ற இம்ப்ளான்ட்களை 3டி பிரிண்ட் செய்கிறது. ஊர் பெரிதா சின்னதா என்று பார்க்காமல், எந்த லேபில் எந்த மெஷின் ஓடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பட்டத்தோடு வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வந்தவுடன் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான எஸ்.ஏ.க்யூ.ஏ.வில் பட்டத்தை மதிப்பிடக் கொடுங்கள், அது நேரம் எடுக்கும், அந்தத் தாள் இல்லாமல் பல இடங்களில் பேச்சே தொடங்காது. தென்னாப்பிரிக்கா 1999-இலும் இந்தியாவும் இலங்கையும் 2014-இலும் இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. ஆனால் இந்தியாவில் எல்லாக் கல்லூரிகளும் அதற்குள் வராது, அங்குள்ள தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் முதல் நிலை அங்கீகாரம் உங்கள் கல்லூரியின் உங்கள் பிரிவுக்கு, நீங்கள் படித்த ஆண்டுகளில் இருந்ததா என்பதைக் கல்லூரியிலிருந்தே எழுத்தில் வாங்கிவந்துவிடுங்கள். இங்கே வந்தபின் அதை வாங்க அலைவது பெரிய தலைவலி.

கை பழகுவது

இதை ஆற அமரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பாடத்திட்டமும் இதை ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை.

இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கலாம். கசாப்புக் கடையில் ஆட்டின் பின்னங்கால் முட்டியை வாங்குங்கள், வாங்கும்போதே "மூட்டை வெட்டாதீங்க, முழுசா வேணும்" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கடைக்காரர் பழக்கதோஷத்தில் ரம்பத்தை மூட்டின் நடுவிலேயே விட்டுவிடுவார். கையுறை போட்டு, கூரான பிளேடில், தசையை எடுத்து, மூட்டுப் பையைத் திறந்து, சிலுவைத் தசைநார் எங்கே, மெனிஸ்கஸ் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். குருத்தெலும்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், அந்த வழவழப்பு எந்தப் படத்திலும் வராது. பத்து நிமிடம் வெறும் காற்றில் வைத்துவிட்டு மறுபடி தடவினால் பிசுபிசுக்கும், இன்னும் கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பு மங்கும். திசுவைக் காய விடக்கூடாது என்று ஏன் எல்லாரும் கத்துகிறார்கள் என்பது அப்போது விளங்கும். (அந்தக் காலைத் திரும்பவும் குழம்புக்குக் கொண்டுபோகாதீர்கள். அம்மா பார்த்தால் ஆராய்ச்சி அன்றோடு முடியும்.)

லேபுக்குள் போனதும் முதல் விதி ஈரம். உப்புக் கரைசலில் நனைத்த காஸ் துணியில் சுற்றி, பையில் காற்றை எடுத்து மூடி, மைனஸ் 20-இல் உறைய வையுங்கள். வெளியே எடுத்தால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் மெதுவாக இளக விடுங்கள், சுடுதண்ணீரில் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். உறைந்து இளகுவது ஒரு முறைதான் இருக்கட்டும், எத்தனை முறை, எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு மாதிரி மட்டும் விசித்திரமாக நடந்துகொண்டால் காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

அடுத்தது வெட்டு. வட்டமான பஞ்ச் வைத்து மேற்பரப்புக்குச் செங்குத்தாக அழுத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் தடிமன் கூடும், மெஷின் தட்டு முதலில் உயர்ந்த பக்கத்தை மட்டும் தொடும், வரைபடத்தின் தொடக்கத்தில் நீளமாக ஒரு தட்டைப் பகுதி வரும், அதைப் பார்த்துத் "திசு ரொம்ப மென்மையாக இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். தடிமனையும் காலிபரால் நசுக்கி அளக்காமல், ஊசி குத்தி எதிர்ப்பு மாறும் இடத்தை வைத்தோ படம் எடுத்தோ அளப்பது நல்லது.

பிறகு பொறுமை. குருத்தெலும்பை ஒரு சுமையில் வைத்துவிட்டு அது சமநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு இது ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். கசியும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, தடிமன் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. அவசரக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டுக் கிடைத்த எண்ணை விறைப்பு என்று போடுவார்கள், அது கூடுதலாகவே வரும். ஆரோக்கியமான மூட்டுக் குருத்தெலும்பின் சமநிலை விறைப்பு தோராயமாக 0.5 முதல் 0.9 மெகாபாஸ்கலுக்குள் இருக்கும். உங்களுக்கு 10 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், வேகத்தைப் பாருங்கள், பொருத்தியதைப் பாருங்கள், மெஷினே எவ்வளவு வளைகிறது என்று திசு இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

மெக்கானிக்ஸ் ஒரு பக்கம், மறுபக்கம் சாயமும் ரசாயனமும். சஃப்ரனின்-ஓ போட்டால் புரோட்டியோகிளைக்கன் உள்ள இடம் சிவப்பாகத் தெரியும், தேய்ந்த மூட்டில் மேலடுக்கிலிருந்து சிவப்பு வெளிறிக்கொண்டே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அளவு எவ்வளவு என்று தெரிய டி.எம்.எம்.பி. சோதனை, கொலாஜனுக்கு ஹைட்ராக்சிபுரோலின். இன்ஜினியரிங்கிலிருந்து வந்த பிள்ளைகள் இதை "பயாலஜிக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று தள்ளிவிடுவார்கள். தள்ளாதீர்கள். விறைப்பு குறைந்ததற்குக் காரணம் இழையா, தண்ணீரைப் பிடிக்கும் மூலக்கூறா என்று சொல்ல இது இரண்டும் ஒரே கையில் இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க இந்தத் துறையில் அதிகம் பயன்படுவது மாட்டு முழங்காலும் மாட்டு வால் டிஸ்கும், ஏனென்றால் இறைச்சிக்கூடத்தில் சுலபமாகக் கிடைக்கிறது, அளவும் வசதி. மாட்டிறைச்சி வீட்டுக்குள்ளேயே வராத குடும்பங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது சங்கடம், அதுவும் புரட்டாசி விரதம் பிடிக்கிற மாதத்தில் கேட்கவே வேண்டாம். இதை மறைத்துக்கொண்டு முதல் நாளே முகம் சுளிப்பதைவிட, சேரும் முன்பே சூப்பர்வைசரிடம் பேசிவிடுவது நல்லது. செம்மறியாட்டு இடுப்பு டிஸ்க், பன்றி, முயல் என்று மாற்றுகள் உண்டு, கணினி மாடலிங் மட்டும் செய்கிற திட்டங்களும் உண்டு. இந்த ஒரு மாதம் சோதனையை நிறுத்திவிட்டு எழுத்து வேலை பார்க்கிறேன் என்றால் பெரும்பாலான லேபில் சரி என்பார்கள், கேட்க வேண்டியது நாம்தான்.

அப்புறம் கரண்ட். 2023-இல் லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது இந்த நாட்டில் நீண்ட சோதனை நடத்தினவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024-க்குப் பிறகு எவ்வளவோ தேவலை, ஆனாலும் உள்ளூர் மின்தடை போகவில்லை. லேபைப் பார்க்கப் போகும்போது மெஷின் என்ன பிராண்ட் என்று கேட்பதற்கு முன், மைனஸ் 80 ஃப்ரீசர் ஜெனரேட்டரில் இருக்கிறதா, சோதனை மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ் இருக்கிறதா, ராத்திரி அலாரம் அடித்தால் யாருடைய போனுக்குப் போகும் என்று கேளுங்கள்.

அனுமதி

இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த திசுவுக்குக்கூடப் பல பல்கலைக்கழகங்கள் விலங்கு நெறிக் குழுவில் ஒரு விலக்குக் கடிதமாவது வாங்கச் சொல்லும். மனிதத் திசு என்றால் 2003-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் வந்துவிடும். மூட்டு மாற்று அறுவையில் வெட்டி எடுத்துத் தூக்கிப்போடப் போகிற துண்டாக இருந்தாலும் நோயாளியின் ஒப்புதலும் நெறிக்குழு அனுமதியும் இல்லாமல் தொடக்கூடாது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் அந்தக் குழுவுக்கு பிரெக் என்று பெயர். மாதக் கணக்கில் இழுக்கும் என்று வைத்துக்கொண்டு, முதுநிலையின் முதல் மாதத்திலேயே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். ஹெபடைடிஸ்-பி ஊசி போட்டுக்கொள்ளாமல் மனிதத் திசுப் பக்கமே போகாதீர்கள்.

இலவசமாகக் கற்கக் கூடியது

லேப் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஃபெபயோ என்ற மென்பொருள் ஆராய்ச்சிக்கு இலவசம், யூட்டா, கொலம்பியா பல்கலைக்கழகங்களில் உருவானது, குருத்தெலும்பு போன்ற திண்ம-திரவக் கலவைக்கென்றே எழுதியது. ஸ்டான்ஃபோர்டின் ஓப்பன்சிம்மில் நடக்கும்போது முழங்காலில் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்குப் போடலாம். எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து டிஸ்கின் வடிவத்தைப் பிரித்தெடுக்க 3டி ஸ்லைசர். எல்லாவற்றுக்கும் பைத்தான். இதில் ஒன்றை எடுத்து, ஒரு வட்டமான குருத்தெலும்புத் துண்டை அழுத்துவதை மாடல் செய்து, புத்தகத்தில் உள்ள வாய்பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே போதும், முழு முதுகெலும்பையும் வண்ண வண்ணமாகக் காட்டுகிற படத்தைவிட அது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். புள்ளியியலையும் விட்டுவிடாதீர்கள். ஒரே மாட்டு முழங்காலிலிருந்து பத்துத் துண்டு எடுத்தால் உங்களிடம் இருப்பது பத்துத் துண்டுதான், பத்து விலங்கு இல்லை.

சூப்பர்வைசரும் பணமும்

முதுநிலை, முனைவர் படிப்புக்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்.ஆர்.எஃப். உதவித்தொகை தருகிறது. விண்ணப்பம் பல்கலைக்கழகம் வழியாகப் போவதால் உள்ளே கடைசித் தேதி முன்கூட்டியே முடிந்துவிடும். பெரும்பகுதி குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும்தான், வயது வரம்பும் உண்டு. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குத் தங்கள் துறையில் மிகுந்த ஆர்வம்" என்று ஒரு பக்கம் எழுதாமல், அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதிலிருந்து ஒரு கேள்வி, நீங்கள் செய்த ஒரு சின்ன மாடலோ சோதனையோ, எப்போது சேர முடியும், பணத்துக்கு என்ன வழி என்று நான்கே வரியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். சேர்வதற்கு முன் அந்த லேபில் இப்போது படிக்கிற ஒருவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள், பேராசிரியர் எத்தனை நாளில் வரைவைத் திருத்தித் தருகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

லேப் டெக்னீஷியனோடு நல்ல பழக்கம் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன். மாதிரியை மெஷினில் பொருத்தும் பிடிப்பானைச் செய்துகொடுக்கிறவர் அவர், மெஷின் எந்த நாளில் காலி என்று தெரிந்தவர் அவர். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனால் முதல் தட்டு அவருக்கு.

டர்பனில் இருப்பதில் ஒரு அனுகூலம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டு நூல்கள் முதுகெலும்பு நோய் என்றால் வயதாகித் தேய்வதைத்தான் பேசும். நம் மாகாணத்தில் காசநோய் அதிகம், அது முதுகெலும்பிலும் இறங்குகிறது, முள்ளெலும்பின் உடலைத் தின்று முதுகைக் கூனாக்குகிறது, தொடக்கத்தில் டிஸ்க் ஓரளவு தப்பித்து நிற்கிறது. அந்த எலும்பில் திருகாணி எவ்வளவு பிடிக்கும், டிஸ்க் இடத்தில் கூண்டு போன்ற இம்ப்ளான்ட் வைத்தால் அது எலும்புக்குள் இறங்கிவிடுமா என்பதெல்லாம் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள். கேட்டோ மேனரில் உள்ள இங்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை போன்ற இடங்களில் எலும்பு மருத்துவர்கள் நடத்தும் கலந்துரையாடலில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். அவர்களுக்கு எது தொல்லை என்று கேட்காமல் நீங்களாக ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்த்தால் அது தீசிஸோடு நின்றுவிடும்.

வேலை

உள்ளதைச் சொன்னால், தென்னாப்பிரிக்காவில் "திசு இயக்கவியல் இன்ஜினியர் தேவை" என்று விளம்பரம் வருவது அபூர்வம். வேலை வேறு பெயர்களில் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒன்று. இம்ப்ளான்ட் செய்கிற, இறக்குமதி செய்கிற நிறுவனங்கள் இன்னொன்று, இவை பெரும்பாலும் கௌட்டெங்கிலும் கேப்பிலும், டர்பனில் குறைவு. நாட்டுக்கு இதில் பழைய சரித்திரம் உண்டு. ரைட்ஸ், ஜூபேர் என்ற இருவர் கழுத்து டிஸ்கை எடுத்துவிட்டு உலோகக் குண்டை வைத்ததைத் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் 1964-இலேயே எழுதினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ராமும் எஃகுக் குண்டுகளை வைத்தார். அந்த மாதிரிக் குண்டுகள் நாளடைவில் எலும்புக்குள் புதைந்துபோயின. எஃகின் விறைப்பு 200 கிகாபாஸ்கல், முள்ளெலும்பின் உள்ளெலும்பு ஒன்றைக்கூடத் தொடாது, நடுவில் ஒரு சின்னப் புள்ளியில்தான் தொடுகிறது, வேறென்ன ஆகும். பிறகு கைனிஃப்ளெக்ஸ் என்ற செயற்கை டிஸ்கும் இந்த நாட்டிலேயே உருவானது.

இம்ப்ளான்ட் பக்கம் போகிறவர்கள் சட்டத்தையும் தரநிலையையும் படித்துவிட்டுப் போங்கள், அது தெரிந்தவருக்குச் சம்பளம் பேசும்போது பலம். மருந்துக் கட்டுப்பாட்டுக் கவுன்சிலின் இடத்தில் 2018-இல் வந்த சாப்ரா மருத்துவக் கருவிகளை ஆபத்துக்கு ஏற்ப ஏ முதல் டி வரை வகுக்கிறது, நிறுவனத்துக்கு உரிமம் கேட்கிறது. தரமேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 13485. முதுகெலும்புத் திருகாணி-கம்பி அமைப்பைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்1717, டிஸ்க் இடத்தில் வைக்கும் கூண்டுக்கு எஃப்2077. சோர்வுச் சோதனை 50 லட்சம் சுழற்சிவரை ஓடும், நொடிக்கு 5 என்று ஓட்டினாலும் ஏறக்குறைய 12 நாள் இரவும் பகலும். யுபிஎஸ் கேள்வி இங்கேயும் வரும்.

ஈ.சி.எஸ்.ஏ.வில் பட்டம் முடித்தவுடன் கேண்டிடேட்டாகப் பதிவு செய்துவிடுங்கள், பிறகு குறைந்தது மூன்று ஆண்டு மேற்பார்வையில் வேலை பார்த்துத்தான் புரொஃபெஷனல் இன்ஜினியர் ஆக முடியும். ஆராய்ச்சியில் இருக்கிறவர்கள் "எனக்கு எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள், நிறுவனத்துக்கு மாறும்போது அந்த ஆண்டுகளை நிரூபிக்கத் தாள் இல்லாமல் நிற்கிறார்கள். செய்த வேலையை மாதாமாதம் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

நேர்முகத்துக்கோ வெளிநாட்டு முனைவர் இடத்துக்கோ போகும்போது பளபளப்பான படங்களைக் குறைத்துக்கொண்டு, நீங்களே செய்த ஒரு சோதனையின் விசை-இடப்பெயர்ச்சி வரைபடம் ஒன்றை எடுத்துப் போங்கள். கேட்கப்போவது பெரும்பாலும் இவைதான்: எந்த விலங்கு, எத்தனை வயது, எத்தனை விலங்கு, எவ்வளவு நாள் உறைந்திருந்தது, எந்த வேகத்தில் அழுத்தினீர்கள், தடிமனை எப்படி அளந்தீர்கள், சமநிலை வந்தது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள், எந்த மாதிரியைத் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள். கடைசிக் கேள்விக்கு "எதையும் தள்ளவில்லை" என்று பதில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆகவே தள்ளியவற்றின் பட்டியலையும் கூடவே எடுத்துப் போங்கள்.